சோழமண்டலக் கரைத் துணியும் உலக மியூசியங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணி, டிசைன், மியூசியம்னு பேச்சு வந்தாலே ஆளுங்க திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்விகளை ஒரே இடத்துல போட்டிருக்கேன். டிசைனை சேகரிக்கிறது, காட்சிக்கு வைக்கிறது, எல்லாருக்கும் திறந்து விடுறது, ஒரு நாட்டு டிசைன் இன்னொரு நாட்டுக்குப் போய் வர்றது, இதெல்லாம் ரொம்பப் பெரிய விஷயம். அதனால நம்ம கிழக்குக் கரையில செஞ்சு உலகம் முழுக்கப் போன சாயத்துணியை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் பேசுறேன்.

எந்தத் துணியைச் சொல்றீங்க?

மச்சிலிப்பட்டினத்துல ஆரம்பிச்சு பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், புதுச்சேரி, நாகப்பட்டினம் வரைக்கும் கரையோரமாவும் கொஞ்சம் உள்ளே தள்ளியும் இருந்த ஊர்கள்ல, பருத்தித் துணி மேல கையால வரைஞ்சு சாயம் ஏத்தின துணி. இங்கிலீஷ்காரங்க சின்ட்ஸ்னாங்க, டச்சுக்காரங்க சிட்ஸ், ஜப்பான்ல சராசா, நாம இன்னிக்கு கலம்காரின்னு சொல்றோம். துவைச்சாலும் சாயம் போகாது, வெயில்ல போட்டாலும் சட்டுனு வெளுக்காது, பருத்தியில இப்படி அழுத்தமான சிவப்பும் நீலமும் ஏத்துற வித்தை 17ம் நூற்றாண்டு ஐரோப்பாவுல யாருக்கும் கை வரல. அங்க மவுசு எவ்வளவு ஏறுச்சுன்னா அந்த ஊர் நெசவாளர்கள் பிழைப்பு போகுதுன்னு கொதிச்சாங்க, பிரான்ஸ் 1686ல தடை போட்டுச்சு, இங்கிலாந்து 1701ல இறக்குமதிக்கும் 1721ல உடுத்துறதுக்கும் தடை போட்டுச்சு. பிரான்ஸ்ல 1759லதான் தடை நீங்குச்சு, இங்கிலாந்துல 1774ல.

இப்போ எங்கெல்லாம் இருக்கு?

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் (சுருக்கமா வி அண்ட் ஏ), டொரண்டோவில ராயல் ஒன்டாரியோ மியூசியம், நியூயார்க்ல மெட்ரோபாலிட்டனும் புரூக்ளின் மியூசியமும், நெதர்லாந்துல ரைக்ஸ் மியூசியமும் லேயுவார்டன் ஊர்ல இருக்கிற ஃபிரீஸ் மியூசியமும், பிரான்ஸ்ல முல்ஹவுஸ் ஊர்ல இருக்கிற அச்சுத் துணி மியூசியம், நம்ம நாட்டுல அகமதாபாத் காலிகோ மியூசியம். டோக்கியோ நேஷனல் மியூசியத்துல ஹிகோனே சராசான்னு ஒரு தொகுப்பு இருக்கு, ஹிகோனே ஊரை ஆண்ட "ஈ"ங்கிற பேருள்ள குடும்பம் சேர்த்து வச்சது, சுமார் 450 துண்டு, பெரும்பாலும் இந்தியத் துணி. ஜப்பான்ல இந்தத் துணியோட சின்னச் சின்னத் துண்டுல கூட டீ சடங்குக்கான பாத்திரத்துக்குப் பை தைச்சு வச்சுக்கிட்டாங்க, அவ்வளவு மதிப்பு. இந்தோனேசியாவுல சுலாவெசி மலைமேல இருக்கிற தொராஜா மக்கள் இந்தியத் துணிகளை பரம்பரைச் சொத்தா, சடங்குக்கு மட்டும் வெளிய எடுக்கிற பொருளா நூற்றாண்டுக் கணக்கா பாதுகாத்திருக்காங்க. அது அவங்க வச்ச மியூசியம்னே நான் சொல்வேன்.

அப்படி என்ன ஸ்பெஷல், ஒண்ணை எடுத்து விளக்குங்களேன்?

புரூக்ளின் மியூசியத்துல இருக்கிற ஏழு துண்டுத் திரை. 1610ல இருந்து 1640க்குள்ள செஞ்சது, சோழமண்டலக் கரை, பழவேற்காடு பக்கமா இருக்கலாம்னு ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறாங்க. 1914ல அந்த மியூசியத்துக்காக இந்தியாவுக்கு வந்த ஸ்டூவர்ட் கியூலின் வாங்கிட்டுப் போனது. ஒவ்வொரு துண்டுலயும் வளைவும் மாடமுமா ஒரு கட்டிடம், அதுக்குள்ள ஒவ்வொரு வகை மக்கள். ஒண்ணுல தொப்பி போட்ட ஐரோப்பியர்கள், இன்னொண்ணுல தென்னிந்திய அரசவை, வேறொண்ணுல தலைப்பாகை கட்டின முஸ்லிம் பிரபுக்கள், தென்கிழக்கு ஆசியா ஆளுங்கன்னு நினைக்கத் தோணுற உருவங்களும் இருக்கு. பழவேற்காட்டுத் துறைமுகத்துல அன்னிக்குக் கப்பல் விட்டு இறங்கின ஆளுங்க எல்லாரையும் ஒரு ஓவியர் நின்னு பார்த்து, யார் எப்படி உக்காருவாங்க, என்ன உடுத்துவாங்கன்னு மனசுல வாங்கி வரைஞ்ச மாதிரி இருக்கு. வெளிநாட்டுக்காரன் நம்மளைப் பார்த்து வரைஞ்ச படம் ஆயிரம் இருக்கு, நம்ம ஆள் அவங்களைப் பார்த்து வரைஞ்சது எத்தனை இருக்கும்? அதனால எனக்கு இது ரொம்பப் பெரிய பொக்கிஷம்.

செய்முறையையும் தெரிஞ்சுக்கிட்டுப் பார்த்தா இன்னும் மலைப்பா இருக்கும். துணியை வெளுத்து, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த தண்ணியில ஊறப்போட்டுக் காயவைப்பாங்க, பாலோட கொழுப்பு இருக்கிறதால வரையும்போது மை கசியாது. ஊசியால குத்தின காகிதம் வழியா கரித்தூள் தட்டி கோடு விழ வைப்பாங்க. கருப்புக் கோட்டுக்கு இரும்பும் வெல்லமும் புளிச்ச கரைசல், சிவப்பு வரவேண்டிய இடத்துல படிகாரம். இங்கதான் விஷயம், படிகாரம் தடவும்போது அங்க கலரே இருக்காது, அப்புறம் சாயவேர் கொதிக்கிற அண்டாவுல துணியை முக்கி எடுத்தா படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பா நிக்கும், மத்த இடத்துல ஒட்டினது சாணமும் வெயிலும் போட்டு வெளுத்தா போயிடும். நீலத்துக்கு நீலம் வேண்டாத இடம் முழுக்க மெழுகு பூசி அவுரித் தொட்டியில முக்கணும். பச்சை வேணும்னா நீலத்து மேல மஞ்சள். ஒரு துணி முடிய வாரக்கணக்கு, மாசக்கணக்கு ஆகும், ஒரு ஆள் செய்ற வேலையும் கிடையாது. சாயவேர்ங்கிறது இம்பூரல் செடியோட வேர், கடலோர மணல்ல நல்லா வரும், இந்தச் சிவப்பு இந்தக் கரையில பிறந்ததுக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

டிசைன் யாரோடது? நம்மளோடதா, ஆர்டர் கொடுத்தவங்களோடதா?

ரெண்டு பேரோடதும்னுதான் சொல்லணும், இதைச் சும்மா சமாதானத்துக்குச் சொல்லல. 1643ல லண்டன்ல இருந்து ஈஸ்ட் இந்தியா கம்பெனி டைரக்டர்கள் சூரத்துக்கு ஒரு கடிதம் எழுதினாங்க, இப்ப வர்ற துணியெல்லாம் மங்கின சிவப்புத் தரையா இருக்கு, இங்க எல்லாருக்கும் பிடிக்கல, இனிமே வெள்ளைத் தரையா அனுப்புங்க, நடுவுல பூவும் கிளையும் ஓவியர் இஷ்டப்படி போடட்டும்னு. அந்த "ஓவியர் இஷ்டப்படி"ங்கிற பகுதியைத்தான் கவனிக்கணும். அப்புறம் அங்கிருந்து மாதிரிப் படங்களும் வர ஆரம்பிச்சுது. சயாம் (இன்னிக்குத் தாய்லாந்து) அரசவை தனக்கு வேண்டிய டிசைனை அனுப்பி இங்க துணி போட வச்சுது. ஜப்பானியக் கிமோனோ டிசைன் மாதிரி இருக்கிற சின்ட்ஸ் நெதர்லாந்துக்குப் போயிருக்கு.

பலம்பூர்னு சொல்ற பெரிய படுக்கை விரிப்புல ஒரு மரம் இருக்கும் பாருங்க, கீழ பாறைக்குன்று, வளைஞ்சு வளைஞ்சு போற தண்டு, ஒரே மரத்துல பத்து வகைப் பூ. அதுல சீனச் சாயல் இருக்கு, பாரசீகச் சாயல் இருக்கு, இங்கிலீஷ் எம்பிராய்டரி சாயலும் இருக்கு, ஆனா அப்படி ஒரு மரம் சீனாவுலயும் கிடையாது, பாரசீகத்துலயும் கிடையாது, இங்கிலாந்துலயும் கிடையாது. அது இந்தக் கையில உருவானது. வெறும் காப்பின்னு இதைச் சொல்றவங்க துணியைச் சரியா பார்க்கலைன்னு அர்த்தம்.

அவங்க நம்மகிட்ட இருந்து காப்பி அடிச்சாங்கதானே?

ஆமா, திட்டம் போட்டே. 1730கள்ல போலியூன்னு ஒரு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில ஒரு துணி தயாராகுறதைக் கூடவே இருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு துண்டு வெட்டி எடுத்து, குறிப்போட சேர்த்து பாரிஸுக்குக் கொண்டுபோனார், அது இன்னும் அங்க இருக்கு. 1742ல கூர்தூங்கிற பாதிரியார் புதுசா மதம் மாறின சாயக்காரங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட செய்முறையைக் கடிதமா எழுதி அனுப்பினார். 1759ல பிரான்ஸ்ல தடை நீங்கின மறுவருஷமே ஜூயீங்கிற ஊர்ல ஓபர்காம்ப் அச்சுத் துணி ஆலை தொடங்கினார்.

இதுல எனக்கு ரொம்ப யோசனையா இருக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. செஞ்சவங்க அவங்க முறையை எழுதி வைக்கல, கைக்குக் கை போன வித்தை. சாயவேர் விவசாயமே செயற்கைச் சாயம் வந்த பிறகு அத்துப்போச்சு. இன்னிக்கு இதை மறுபடி செய்ய முயற்சி பண்றவங்க தேடிப் போறது அந்தப் போலியூ குறிப்பையும் கூர்தூ கடிதத்தையும்தான். எடுத்துட்டுப் போனது திரும்பி வர ஒரு வழியாவும் ஆயிருக்கு, ஆனா அந்த வழி தானா திறக்கல, அதைத் தேடிப்பிடிச்சு வெளியிட்டு மொழிபெயர்த்த ஆராய்ச்சியாளர்களால திறந்துது.

டிசைனை எல்லாருக்கும் திறந்து விடுறது இப்ப வந்த ஐடியாவா?

இல்லவே இல்ல, 1866லயே பண்ணிட்டாங்க, யாருக்காகங்கிறதுதான் கேள்வி. ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், லண்டன்ல இந்தியா மியூசியத்துல இருந்தவர், இந்தியத் துணிகளை வெட்டி 18 வால்யூம்ல 700 துண்டு ஒட்டி மாதிரிப் புத்தகம் தயாரிச்சார். மொத்தம் 20 செட். ஒவ்வொரு செட்டும் ஒரு தொழில் மியூசியம் மாதிரின்னு அவரே எழுதினார். 13 செட் பிரிட்டன்ல ஜவுளி ஊர்களுக்குப் போச்சு, 7 செட் இந்தியாவுக்கு.

அந்தப் புத்தகம் ஒரு பக்கம் எப்படி இருக்கும்னா, சேலையிலயோ வேட்டியிலயோ தலைப்பாகைத் துணியிலயோ ஒரு துண்டு, கீழ எந்த ஊர், எவ்வளவு நீளம், அகலம், எடை, விலைன்னு இருக்கும். மெட்ராஸ் மாகாணத்துத் துணியும் நிறைய. இங்கிலாந்துல ஜவுளி மில்கள் நிறைஞ்ச லங்காஷயர் பகுதி மில்காரர் இதைப் புரட்டி, இந்திய ஜனங்க என்ன உடுத்துறாங்க, எந்தக் கரை பிடிக்கும், எவ்வளவு நீளம் வேணும்னு பார்த்து மில்லுல அடிச்சு இந்தியாவுக்கே விக்கலாம். அதுக்குத்தான் செஞ்சது, வாட்சன் அதை மறைக்கவும் இல்ல. ஊர் பேர் இருக்கு, விலை இருக்கு, நெஞ்சவர் பேர் கிடையாது.

இன்னிக்கு அந்த வால்யூம்கள் ஸ்கேன் ஆகி இணையத்துல இருக்கு. 150 வருஷத்துக்கு முந்தின கரை, கட்டம், பாவு ஊடு கலர் எல்லாம் நெசவு பத்தித் தெரிஞ்ச யாரும் பார்த்துப் படிக்கலாம். ஒரு பொருளைத் திறந்து வச்சாச்சுன்னா போதும்னு நினைக்கிறவங்ககிட்ட நான் முதல்ல காட்டுறது இந்தப் புத்தகத்தைத்தான், திறக்கிறது யாரு, யாருக்கு, திரும்பி என்ன வருதுன்னு மூணையும் கேட்டாத்தான் விஷயம் முழுசா புரியும்.

இந்தத் துணியெல்லாம் திருடிட்டுப் போனதா? திருப்பிக் கேக்கணுமா?

ஒவ்வொண்ணா பார்க்கணும். சின்ட்ஸ்ல பெரும்பாலானது விக்கிறதுக்குன்னே செஞ்சு, காசு கொடுத்து வாங்கி, கப்பல் ஏறிப் போனது. அதை 1799ல ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தப்போ கொள்ளையில எடுத்துட்டுப் போன திப்புவோட புலி பொம்மையோட ஒண்ணா வைக்கக்கூடாது. அதுக்காக காசு கொடுத்தாச்சு கணக்கு முடிஞ்சுதுன்னும் சொல்ல முடியாது, கம்பெனி முன்பணம் கொடுத்து நெசவாளரையும் சாயக்காரரையும் கட்டிப்போட்ட காலம் அது, என்ன விலைன்னு யார் முடிவு பண்ணாங்கங்கிறதையும் பார்க்கணும். 1879ல இந்தியா மியூசியத்தைக் கலைச்சப்போ அதோட சேகரிப்புல பெரும்பகுதி இன்னிக்கு வி அண்ட் ஏன்னு சொல்ற மியூசியத்துக்குப் போச்சு. எந்தத் துணி எந்த வழியா வந்துச்சுன்னு லேபிள்ல முழுசா எழுதணும், நான் முதல்ல கேக்கிறது அதுதான். சின்ட்ஸ் விஷயத்துல துணி ஊர் திரும்புறதை விட, அது பத்தின அறிவு ஊர் திரும்புறது அவசரமான வேலைன்னு நினைக்கிறேன்.

இணையத்துல இருக்கிற படத்தை டவுன்லோட் பண்ணி நான் துணியில பிரிண்ட் போடலாமா?

மியூசியத்தைப் பொறுத்தது. மெட்ரோபாலிட்டன் 2017 பிப்ரவரியில காப்புரிமை முடிஞ்ச பொருட்களோட படங்களை சிசி ஜீரோன்னு விட்டுச்சு, அதாவது கேக்கவே வேண்டாம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். ரைக்ஸ் மியூசியம் 2012லயே இந்த வேலையைத் தொடங்குச்சு, நல்ல தரமான படம், எடுத்து எதை வேணா செய்யுங்கன்னு. அமெரிக்காவுல ஸ்மித்சோனியன்ங்கிற மியூசியக் குழுமம் 2020ல 28 லட்சம் படங்களைத் திறந்துச்சு. நியூயார்க்ல இருக்கிற கூப்பர் ஹியூவிட் டிசைன் மியூசியம் அதோட குடும்பம்தான், அது 2012லயே தன்னோட கேட்டலாக் டேட்டாவை யாரும் எடுத்துக்கலாம்னு போட்டுச்சு. அமெரிக்காவுல கிளீவ்லாண்ட் மியூசியமும் 2019ல படங்களைத் திறந்துச்சு. வி அண்ட் ஏ படங்களைப் படிக்க, பார்க்க, பாடம் நடத்த எடுத்துக்கலாம், வியாபாரம்னா தனியா அனுமதி வாங்கணும். எதுவா இருந்தாலும் படத்துக்குக் கீழ இருக்கிற உரிமை வரியைப் படிச்சிட்டு எடுங்க.

சட்டப்படி சரி, அதுக்கு மேல என் கருத்து: 18ம் நூற்றாண்டு பலம்பூர் படத்தை எடுத்து டிஜிட்டல் பிரிண்ட் போட்டு அதுக்கு "கையால் செய்த கலம்காரி"ன்னு பேர் வச்சு விக்காதீங்க. ஸ்ரீகாளஹஸ்தி, மச்சிலிப்பட்டினம், நம்ம கருப்பூர் கலம்காரிக்கெல்லாம் புவிசார் குறியீடு இருக்கு, கருப்பூருக்கு 2021ல கிடைச்சுது. படம் எல்லாருக்கும் பொது, பேர் அந்த ஊர்க்காரங்களோடது.

அப்போ படம் திறந்தாச்சு, வேலை முடிஞ்சுதா?

அதுதான் இல்ல, இந்தக் கேள்விக்கு மட்டும் எவ்வளவு வேணா பேசலாம். ஒரு சாயக்காரர்கிட்டயோ நெசவாளர்கிட்டயோ மியூசியப் படத்தைக் காட்டிப் பாருங்க, அவங்க முதல்ல கேக்கிறது "பின்பக்கம் எப்படி இருக்கு"ன்னுதான். பின்பக்கம் தெரிஞ்சாத்தான் சாயம் எவ்வளவு இறங்கியிருக்கு, வரைஞ்சதா அச்சா, மெழுகு எங்க விட்டிருக்குன்னு சொல்ல முடியும். ஓரம் தெரியணும், நூல் எண்ணிக்கை தெரியணும், தையல் எங்க இருக்குன்னு தெரியணும். கேட்டலாக்ல முன்பக்கம் ஒரு படம், அதுவும் அழகா லைட் போட்டு எடுத்தது. பல துணியில பின்னாடிதான் கம்பெனி முத்திரை இருக்கும், டச்சுக் கம்பெனியோட எழுத்துகள், இல்லாட்டி இங்கிலீஷ் கம்பெனியோட இதய வடிவ முத்திரை, எப்போ எந்த வழியா போச்சுன்னு அதை வச்சு ஓரளவு சொல்லிடலாம். அந்தப் பக்கத்தைப் படம் எடுக்காத கேட்டலாக் பாதி கேட்டலாக்தான்.

அடுத்தது மொழி. சாயவேர், கடுக்காய்னு சொன்னா உடனே பிடிச்சுக்கிற ஆளுக்கு இங்கிலீஷ்ல ரசாயனப் பேர் போட்ட ரிப்போர்ட் எப்படிப் போய்ச் சேரும்? சாயத்தைப் பரிசோதனை பண்ண ரிப்போர்ட் பல மியூசியத்துல இருக்கு, ஆனா அது ஜர்னல்ல காசு கட்டிப் படிக்கிற இடத்துல கிடக்குது. படம் இலவசம், அறிவு பூட்டுக்குள்ள.

இதுக்கு நேர்மாறா நல்லா நடக்கிறதையும் சொல்லணும். லண்டன்ல வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ் 2025 மே கடைசியில திறந்துச்சு. குடோன்ல இருக்கிற பொருளை யார் வேணா ஆன்லைன்ல தேர்ந்தெடுத்து, ரெண்டு வாரம் முன்னாடி புக் பண்ணி, ஒரு தடவைக்கு 5 பொருள் வரைக்கும் கிட்டத்துல பார்க்கலாம், காசு கிடையாது. பேராசிரியர் கடிதமெல்லாம் கேக்கிறதில்ல. மாணவர், தையல்காரர், சும்மா ஆர்வத்துல வந்தவர், எல்லாருக்கும் ஒரே வழி. ஆனா விசாவும் டிக்கெட்டும் வேணுமே, கலம்காரி செய்ற நம்ம சிக்கல்நாயக்கன்பேட்டைக்காரர் எப்படிப் போவார்? அதனால வீடியோ கால்ல துணியைத் திருப்பிக் காட்டுறது, மைக்ரோஸ்கோப் படம் போடுறது, கைவினைஞர்களைச் செலவு கொடுத்துக் கூப்பிடுறது, இதெல்லாம் திறந்த மனசுங்கிற பேச்சோட ஒரு பகுதியா ஆகணும்.

மியூசியத் துணியைப் பார்த்து நிஜமாவே ஏதாவது மீண்டு வந்திருக்கா?

வந்திருக்கு. 1981ல இருந்து பத்து வருஷம் விஸ்வகர்மான்னு ஒரு கண்காட்சி வரிசையை மார்தாண்ட் சிங் தலைமையில நடத்தினாங்க. பழைய துணிகளைப் பார்த்து, நெசவாளர் சேவை மையங்கள் வழியா, இன்னிக்கு இருக்கிற கைவினைஞர்களை வச்சே மறுபடி செஞ்சு காட்டினாங்க. கோடாலிக் கருப்பூர் சேலையும் முக்கியமானது, தஞ்சாவூர் மராட்டிய அரசவைக்குன்னு நெஞ்சது, ஜரிகை நெசவும் மெழுகுச் சாயமும் ஒரே துணியில. அரசவை போனதும் 19ம் நூற்றாண்டோட அதுவும் நின்னுபோச்சு. இப்ப அதை மறுபடி செய்ய நினைக்கிறவங்களுக்கு மியூசியத்துல மிச்சம் இருக்கிற சேலைகள்தான் பாடப்புத்தகம்.

நம்ம ஊர் மியூசியங்கள் எப்படி?

சேகரிப்பு நம்பவே முடியாத அளவுக்கு வளமானது, காலிகோ மியூசியம் 1949ல சாராபாய் குடும்பம் ஆரம்பிச்சது, அங்க இருக்கிற துணி மாதிரி வேற எங்கயும் ஒரே கூரைக்குக் கீழ கிடையாது. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851ல வந்தது. ஆனா வீட்ல உக்காந்து தேடிப் பார்க்கிற வசதியில நாம ரொம்பப் பின்னாடி இருக்கோம். மத்திய அரசோட மியூசியம்ஸ் ஆஃப் இந்தியா போர்ட்டல் இருக்கு, போய்ப் பாருங்க, நல்ல தொடக்கம். படம் பெருசாவும் குறிப்பு முழுசாவும் தமிழ்லயும் வேணும். துணிக்கு வெளிச்சம் ஆகாது, சாயம் மங்கிடும், அதனால எப்பவும் காட்சியில வைக்க முடியாதுங்கிறது நியாயமான காரணம். அந்தக் காரணத்துக்காகவே டிஜிட்டல் படம் இன்னும் அதிகமா வேணும்.

எல்லாத்தையும் திறந்து வைக்கணுமா? சாமி துணி கூடவா?

இல்ல. நியூசிலாந்துல தெ பாப்பா மியூசியம் படங்களைத் தாராளமா திறந்து விட்டப்போ மாவோரி மக்களோட புனிதப் பொருட்களை மட்டும் அவங்க சமூகத்துக்கிட்ட கேக்காம திறக்கல. பழங்குடி மக்களே தங்க பொருளுக்கு "இதை இந்த மாதிரிதான் பயன்படுத்தணும்"னு குறிப்பு ஒட்டுற லேபிள் முறையும் பல மியூசியத்துல வந்திருக்கு. நம்ம பக்கம் தேர்ல தொங்குற தொம்பை, கோயில் விதானத் துணியெல்லாம் இருக்கு, அது ஊர் முழுக்க பார்க்கிற பொருள், ஆனா கோயிலுக்குக் கொடுத்ததை எப்படிக் காட்டலாம்னு கோயில்காரங்ககிட்டயும் செஞ்ச குடும்பத்துக்கிட்டயும் கேட்டுட்டுச் செய்யணும். கேக்கிறதுக்கு ஆகுற நேரம் வீணான நேரம் கிடையாது.

பரிமாற்றம்னா எப்பவும் ஐரோப்பாவும் நாமளும்தானா?

இல்லீங்க, எனக்குப் பிடிச்ச கதையே நைஜீரியாவுல இருக்கு. மெட்ராஸ் கைக்குட்டைன்னு ஏற்றுமதியான கட்டம் போட்ட கைத்தறித் துணி, நைஜர் டெல்டாவுல காலபாரி மக்கள்கிட்ட போய் இஞ்சிரின்னு ஆச்சு. அந்தப் பெண்கள் துணியை அப்படியே உடுத்தி விட்டுடல. ஊசியால ஒரு நூலைத் தூக்கி, பிளேடால வெட்டி, உருவி எடுத்துடுவாங்க, அடுத்த நூல், அதுக்கடுத்த நூல், வேணுங்கிற இடத்துல மட்டும். பழைய கட்டத்துக்குள்ள புதுசா ஒரு டிசைன் எழும்பி வரும், துணி லேஸ் மாதிரி மெல்லிசா, வெளிச்சம் ஊடுருவுற மாதிரி ஆகிடும். பெலெட்டே பிட்டேன்னு பேர். பிறப்புச் சடங்கு, இறுதிச் சடங்குன்னு குடும்பத்தோட பெரிய நாள்களுக்கெல்லாம் இதைக் கட்டுறாங்க.

இப்ப சொல்லுங்க, மியூசியம் இதை எந்த அலமாரியில வைக்கும்? நெசவு தென்னிந்தியா, டிசைன் காலபாரி, ஆப்பிரிக்கப் பிரிவுல வச்சா நெஞ்சவர் காணாமப் போவார், இந்தியப் பிரிவுல வச்சா வெட்டின பெண் காணாமப் போவா. ரெண்டு பிரிவுலயும் தேடினா கிடைக்கிற மாதிரி கேட்டலாக் போடுறது கம்ப்யூட்டர் காலத்துல பெரிய விஷயமே இல்ல, ஆனாலும் பல இடத்துல இன்னும் ஒரே பெட்டிதான்.

கண்காட்சி வைக்கும்போது ஒரு நாடு இன்னொரு நாட்டை எப்படிக் காட்டணும்?

ரெண்டு திசையிலயும் போகணும். 1955ல நியூயார்க் நவீனக் கலை மியூசியத்துல இந்தியத் துணிகளும் அலங்காரக் கலையும்னு பெரிய கண்காட்சி, அலெக்ஸாண்டர் ஜிரார்ட் வடிவமைச்சது. அங்க இந்தியக் கைத்தறி, கைவினைக்காக உழைச்ச புபுல் ஜெயகரும் அமெரிக்க டிசைனர் சார்ல்ஸ் ஈம்ஸும் சந்திச்சாங்க, ஈம்ஸ் தம்பதி அப்புறம் இந்தியா வந்து 1958ல கொடுத்த அறிக்கை 1961ல அகமதாபாத்ல தேசிய வடிவமைப்பு நிறுவனம் வர்றதுக்கு வழி போட்டுச்சு. 1959ல அதே நியூயார்க் மியூசியம் அமெரிக்க, ஐரோப்பிய டிசைன் பொருட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்ப, அது டெல்லியில தொடங்கி இந்தியாவுல பல ஊர் சுத்துச்சு, பொருட்கள் அந்த நிறுவனத்துலயே தங்கி மாணவர்களுக்குப் பயன்பட்டுச்சு. போனதுக்கு வந்தது. இந்த மாதிரி இன்னிக்கு எத்தனை நடக்குதுன்னு யோசிச்சா கம்மிதான். டொரண்டோவில 2020ல நடந்த சின்ட்ஸ் கண்காட்சியில பழைய துணிகளோட இப்போ இந்தியாவுல செய்றவங்க வேலையையும் சேர்த்து வச்சாங்க, அது சரியான வழி.

பழசை மட்டும்தான் சேகரிக்கணுமா?

வேண்டியதில்ல. வி அண்ட் ஏ 2014ல இருந்து செய்தியில அடிபடுற பொருளை உடனே வாங்கி வைக்குது, நியூயார்க் நவீனக் கலை மியூசியம் 2016ல ஜப்பான் போன் கம்பெனியோட முதல் 176 எமோஜியை சேர்த்துக்கிச்சு. நம்ம தெருவுல இருக்கிற லுங்கி, பள்ளிக்கூட யூனிஃபார்ம் கட்டம், கடைத் துணிப்பை எல்லாமே டிசைன்தான்.

கேட்டலாக்ல எப்படித் தேடுறது? எனக்கு ஒண்ணும் கிடைக்கல.

"தமிழ்நாடு"ன்னு போட்டா பெரும்பாலும் கிடைக்காது, துணி போன காலத்துல அந்தப் பேர்ல மாநிலம் இல்ல. கோரமண்டல் கோஸ்ட், சின்ட்ஸ், பலம்பூர், சராசா, சிட்ஸ், இப்படி ஒவ்வொண்ணாப் போட்டுத் தேடுங்க, நெதர்லாந்து மியூசியம்னா டச்சுப் பேர்லயும். பழைய துறைமுகப் பேர்களையும் அவங்க எழுதுற எழுத்துக்கூட்டுல போட்டுப் பாருங்க. உடை வகையிலயும் தேடுங்க, டச்சுப் பெண்கள் ஜாக்கெட், குழந்தைத் தொப்பி, ஆண்கள் வீட்ல போட்ட அங்கின்னு நம்ம துணி அங்கெல்லாம் ஒளிஞ்சிருக்கு.

லேபிள்ல தப்பு இருந்தா நாம எழுதலாமா? கேப்பாங்களா?

எழுதுங்க, நிறைய மியூசியத்துல ஒவ்வொரு பொருளோட பக்கத்துலயும் "கருத்து அனுப்ப"ன்னு ஒரு லிங்க் இருக்கு. கோபமா எழுத வேண்டாம். பொருளோட எண்ணைப் போட்டு, எந்த வரி தப்பு, ஏன் தப்பு, உங்களுக்கு எப்படித் தெரியும்னு மூணு வரியில எழுதுங்க. உதாரணத்துக்கு தேர்த் தொம்பையைத் திரைச்சீலைன்னு போட்டிருந்தா, கோயில்ல அது தொங்குற படத்தை இணைச்சு அனுப்புங்க. வரைஞ்சதை அச்சுன்னு போட்டிருந்தா எந்தக் கோட்டை வச்சு சொல்றீங்கன்னு குறிச்சுக் காட்டுங்க. பின்பக்கப் படம் இல்லைன்னா கேளுங்க, அந்தத் துணியை அடுத்த தடவை வெளிய எடுக்கும்போது எடுத்துப் போடச் சொல்லுங்க. பதில் வர மாசக்கணக்கு ஆகலாம், வந்தா அதையும் உங்க பகுதி சாயக்காரர், நெசவாளர்கிட்ட கொண்டுபோய்க் காட்டுங்க, அவங்க கேக்கிற கேள்வியை அடுத்த மெயில்ல போடுங்க.